மூக்குக்குள் இருந்த கோணல் சுவர்

எங்கள் வீட்டில் என் மனைவிதான் எப்போதும் கடைசியாகச் சாப்பிட்டு முடிப்பாள். பதினாறு வருடங்களாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்லலாம், கவனித்தேன் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இரண்டு வாய் சாப்பிடுவாள், நிறுத்துவாள், வாயைத் திறந்து கொஞ்சம் மூச்சு வாங்குவாள், மறுபடி இரண்டு வாய். அதற்குள் நான் கை கழுவிவிட்டு வந்து, "இன்னும் முடியலையா? சோத்த எண்ணி எண்ணியா சாப்பிடுற?" என்று கேட்பேன். அவள் சிரித்துவிட்டு அடுத்த கவளத்தை எடுப்பாள்.

தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகள், துண்டுகள், வெளுப்பான் வாடை, பஞ்சுத் தூசி. மூக்கு அடைத்திருப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா என்ன? யார் கேட்டாலும் "எனக்கு சைனஸ் லா" என்பாள். எங்கள் ஆட்களுக்கு மூக்கில் எது வந்தாலும் அது சைனஸ்தான். நானும் அதை நம்பி, அடிக்கடி தைலம் வாங்கிக் கொடுத்து நல்ல கணவன் என்று பெயர் எடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலை செய்வது புக்கிட் ரம்பாயில், அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில். ஒரு நாள் மாலை வேலை முடிந்து வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தேன். அந்த இரண்டு நாளில் அவள் யாரிடமும் அழவில்லை என்று பிறகு சொன்னார்கள். மருத்துவமனை நடைபாதையில் நின்றபடியே, நியாலாஸ் பக்கம் தான் பிறந்து வளர்ந்த, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து மாரியம்மனுக்கு ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறாள். நான் எழுந்து நடந்தால், ஆடித் திருவிழாவில் வாய் கட்டிப் பால்குடம் எடுப்பதாக.

அந்தத் தோட்டத்தில் இப்போது தமிழர் குடும்பங்கள் அதிகமில்லை. ஆனால் திருவிழாவுக்கு எல்லா ஊரிலிருந்தும் கார் வந்து நிற்கும். வாய் கட்டுவது அந்தக் கோயிலின் வழக்கம். ஒரு வேப்பிலைக் கொத்தை உதடுகளுக்கு நடுவே வைத்து, மஞ்சள் துணியை நான்காக மடித்து வாயின் மேல் இறுக்கிப் பின்னந்தலையில் முடிச்சுப் போடுவார்கள். தோட்ட முகப்பிலுள்ள பிள்ளையாரிடம் கட்டினால், செம்பனைக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் மண் சாலையில் நடந்து, அம்மனுக்குப் பால் ஊற்றும்வரை வாய் திறக்கக் கூடாது. மூச்செல்லாம் மூக்கு வழியாகத்தான். கட்டிவிடுவது என் மனைவியின் சின்னம்மா. அவர் போட்ட முடிச்சு தானாக அவிழ்ந்ததாகச் சரித்திரமே கிடையாது.

நான் எழுந்து நடந்தேன். அடுத்த ஆடியில் காப்புக் கட்டினாள். பத்து நாள் விரதம், அவளுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கே. இங்கேதான் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்தாம் நாள், தொழிற்சாலையில் பணி ஓய்வு பெறும் ஒருவருக்கு கேண்டீனில் விருந்து வைத்தார்கள். தேங்காய்ப்பால் வற்ற வற்றச் சமைத்த கோழி ரெண்டாங். வாசனை ஆளை விடவில்லை. ஒரே ஒரு துண்டு என்றுதான் கையை நீட்டினேன். நான்காவது துண்டில் போய் நின்றேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்து, விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்தேன், உத்தமனைப் போல.

திருவிழா அன்று காலை ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று இருந்தது. அவள் நன்றாகத்தான் புறப்பட்டாள். ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் அவள் தோள்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தேன். பக்கத்தில் ஒருவர், "அருள் வருதுப்பா" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, பெருமையாகக்கூட இருந்தது. பாதி வழியில் அவள் கண்கள் அகலத் திறந்து என்னைத் தேடின. குடம் சரிந்தது, பால் மண்ணில் ஓடியது. மண்டியிட்டு விழுந்தவள் இரண்டு கையாலும் வாய்த்துணியைப் பிய்த்து எறிந்து, கரையில் போட்ட மீனாக வாயைத் திறந்து மூடினாள்.

தண்ணீர் தெளித்து உட்கார வைத்தோம். சின்னம்மா வந்தார், பார்த்தார், தீர்ப்புச் சொன்னார்.

"வீட்டுல யாரோ விரதத்தக் கெடுத்திருக்காங்க. இல்லனா இப்படி நடக்காது."

சுற்றி நின்ற முப்பது பேரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்த நான்கு துண்டும் நினைவுக்கு வந்தன. நான் வாயைத் திறப்பதற்குள், திறந்திருப்பேனா என்பது வேறு விஷயம், என் மனைவி மூச்சிரைப்புக்கு நடுவே சொன்னாள்.

"நான்தான் சின்னம்மா. ஹோட்டல்ல யாருக்கோ பொறந்தநாளு. மறந்துபோயி கேக் சாப்பிட்டுட்டேன். அதுல முட்டை இருந்திருக்கும்."

சின்னம்மா அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார். நான் பேசாமல் நின்றேன். வெட்கத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் குடியிருப்பான தாமானுக்குள் வந்து வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். இறங்கும்போது அவள் சொன்னாள். "கேக்காலயும் இல்ல, ஒண்ணாலயும் இல்ல. எனக்குக் காத்து வரல. வாய மூடினா எனக்குக் காத்தே வரலங்க. அது ஏன்னு பாக்கணும்."

இந்த இடத்தில்தான் அவளை நினைத்து இன்றும் வியக்கிறேன். ஒரு தோட்டமே கூடி நின்று தெய்வக் குற்றம் என்று சொன்ன பிறகு, நானாக இருந்தால் அதை நம்பிப் பரிகாரம் கேட்டு அலைந்திருப்பேன். உண்மையில் அலையவும் செய்தேன். அவளோ அம்மன் மேல் கொஞ்சமும் சந்தேகப்படாமல், தன் மூக்கின் மேல் சந்தேகப்பட்டாள்.

நடுவில் நானும் ஒரு வைத்தியம் செய்தேன். ஃபார்மசியில் மூக்கில் விடும் சொட்டு மருந்து வாங்கி வந்தேன். முதல் நாள் அற்புதமாக வேலை செய்தது. நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன். இரண்டு வாரம் விடாமல் போட்ட பிறகு மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொண்டது. அவள் பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டு, அரசாங்க கிளினிக்குக்குப் போய், மூக்கு நிபுணரைப் பார்க்கக் கடிதம் வாங்கி வந்தாள். முறை வர இரண்டு மாதம் ஆனது.

அந்த மருத்துவர் ஐம்பது வயதைக் கடந்த அம்மா. யாழ்ப்பாண வழி வந்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. என் மனைவி தயங்கித் தயங்கி, வாய் கட்டியது, விழுந்தது எல்லாவற்றையும் சொன்னாள். படித்தவர்கள் இதற்குச் சிரிப்பார்களோ என்று எனக்குப் பயம். அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டே கேட்டார்.

"எவ்வளவு தூரம் நடக்கோணும்?"

"மூணு கிலோமீட்டர், டாக்டர்."

"குடம் பாரமோ?"

"நாலு கிலோ இருக்கும்."

பிறகு மேசையிலிருந்து தட்டையான ஒரு இரும்புத் தகட்டை எடுத்து அவள் மூக்குக்குக் கீழே பிடித்து, வாயை மூடிக்கொண்டு மூச்சு விடச் சொன்னார். குளிர்ந்த தகட்டில் ஆவி படிந்தது. வலப்பக்கம் ஐம்பது காசு அளவுக்கு ஒரு வட்டம். இடப்பக்கம் ஒரு நெல்மணி அளவுக்கு ஈரம், அதுவும் உடனே மறைந்துவிட்டது. அவ்வளவுதான் பரிசோதனை. பதினாறு வருடம் கூடவே இருந்தும் எனக்குத் தெரியாததை அந்தத் தகடு ஒரு மூச்சில் சொல்லிவிட்டது.

மெல்லிய குழாய் கேமராவை உள்ளே விட்டுத் திரையிலும் காட்டினார். வலப்பக்கம் அது சுலபமாகப் போனது. இடப்பக்கம் கொஞ்ச தூரத்திலேயே வெளிர்ச் சிவப்பாக ஒரு மேடு வழியை மறித்துக்கொண்டிருந்தது.

"இதென்ன, இவ்வளவு காலமும் ஒருத்தரும் பார்க்கேல்லையா?" என்றார். "இது சைனஸ் இல்லை. ரெண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவிலை ஒரு சுவர் இருக்கு. உங்கடை தாமான் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலை இருக்கிற மாதிரி. முன்பக்கம் குருத்தெலும்பு, பின்னாலை எலும்பு. அது இடப்பக்கம் வளைஞ்சு போய்க் கிடக்கு."

"அப்ப வலப்பக்கம் நல்லாத்தானே இருக்கணும்?" என்று நான் கேட்டேன். எனக்கு இயந்திரங்களோடு பழக்கம், கணக்கு உதைத்தால் விடமாட்டேன்.

"நல்ல கேள்வி. இடம் கூடின பக்கத்திலை உள்ளுக்கு இருக்கிற சதை வீங்கி அந்த இடத்தை நிரப்பிப்போடும். அதாலை இவவுக்கு அந்தப் பக்கமும் முழுசாக் காத்து இல்லை. அதுதான் வாயாலை மூச்சு விட்டுப் பழகிட்டா."

சின்ன வயதில் மூக்கில் அடி பட்டதா என்று கேட்டார். என் மனைவி யோசித்தாள். ஒன்பது வயதில், பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் டிராக்டரிலிருந்து முகம் குப்புற விழுந்தாளாம். மூக்கு வீங்கியதாம், ரத்தம் வந்ததாம், ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்ததும் எல்லோரும் மறந்துவிட்டார்களாம். அதனாலும் இருக்கலாம், பிறப்பிலேயே இருந்திருக்கலாம், இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த நிமிடமே எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது. சொட்டு மருந்து விஷயத்தில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அந்த நம்பிக்கையைக் குறைக்கவில்லை. அந்த மருந்தை நாள்கணக்கில் போட்டால், விட்டதும் மூக்கு முன்னைவிட அதிகமாக வீங்குமாம்.

சுவர் வளைந்த எல்லோருக்கும் கத்தி தேவையில்லையாம். நிறையப் பேருக்கு லேசான வளைவு இருக்கும், ஒரு தொந்தரவும் இருக்காது. முதலில் மூன்று மாதம் வீக்கம் குறைக்கும் ஸ்ப்ரே, தினமும் உப்பு நீரில் மூக்கைக் கழுவுவது. "ஸ்ப்ரே சதையின்ரை வீக்கத்தைக் குறைக்கும். சுவரை நிமிர்த்தாது. பார்ப்பம்," என்றார்.

அன்று காரில் ஏறியதும் எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. நான் தின்ற கோழி பழியிலிருந்து விடுதலை ஆகிவிட்டது அல்லவா? "பாத்தியா, உன் கேக்கால ஒண்ணும் இல்ல," என்றேன், பெருந்தன்மையாக.

அவள் கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி சொன்னாள். "நான் எந்தக் கேக்கும் சாப்பிடலங்க."

"பின்ன ஏன் அப்படிச் சொன்ன?"

"விரத நேரத்துல உங்க சட்டைப் பைகிட்ட கறை இருந்துச்சு. இருபது வருஷமா கறைதான் பாக்குறேன். சாம்பார் எது, ரெண்டாங் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

என் ஒரு கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"உங்க உசுருக்காக வேண்டிக்கிட்டது. அங்க போயி உங்களயே எல்லாரும் ஏச விடுவேனா? விடுங்க. மாசம் மூணு ஆச்சு."

காரை ஓரமாக நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்க அவள் பக்கம் திரும்பினேன். அவள் என் தோளைத் தட்டி, "வண்டிய எடுங்க, பின்னால லோரி நிக்குது," என்றாள்.

ஸ்ப்ரே கொஞ்சம்தான் உதவியது. வலப்பக்கம் திறந்தது, இடப்பக்கம் அப்படியே. நான் வீட்டில் ஒரு சில்வர் தட்டை ஃப்ரிட்ஜில் வைத்து, வாரா வாரம் அவள் மூக்குக்குக் கீழே பிடித்து ஈரத்தை அளந்துகொண்டிருந்தேன். நெல்மணி நெல்மணியாகவே இருந்தது. ஆப்பரேஷன் செய்யலாம் என்று மருத்துவர் சொன்னார். முழு மயக்கம் கொடுத்து, மூக்குக்கு உள்ளேயே கீறி, வளைந்த குருத்தெலும்பையும் எலும்பையும் கொஞ்சம் எடுத்து, மீதியை நேராக்கி வைப்பார்களாம். வெளியே தையல் இல்லை, மூக்கின் வடிவம் மாறாது. சித்திரை மாதத்தில் தேதி கிடைத்தது.

எல்லாவற்றுக்கும் தைரியமாக இருந்தவள் ஒன்றுக்குத்தான் கலங்கினாள். மூக்குத்தி. கல்யாணத்துக்கு முதல் வாரம் குத்தியது, ஒரு நாளும் கழற்றியதில்லை. ஆப்பரேஷன் அறைக்குள் அது கூடாது என்றார்கள். திருகு இறுகிப்போய் நகரவே மாட்டேன் என்றது. ஒரு மலாய்த் தாதி, என் மனைவியைவிட வயதில் சின்னவர், குழந்தைகளுக்குப் பூசும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, "பெலான் பெலான் லா, காக்" என்று, அதாவது மெதுவா அக்கா என்று சொல்லிச் சொல்லி, அரை மணி நேரம் போராடித் திருகினார். கழன்றதும் அதை ஒரு பஞ்சில் சுற்றி என் கையில் தந்து, இரண்டு கையாலும் என் விரல்களை மூடிவிட்டுப் போனார். அந்தப் பெண்ணின் பொறுமையை என்னால் மறக்க முடியாது.

ஆப்பரேஷனுக்குப் பிறகு வந்த வாரம்தான் கடுமையானது. சுவர் நேராக நிற்க இரண்டு பக்கமும் மெல்லிய சிலிக்கான் தகடு வைத்திருந்தார்கள். மூக்கைச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும். இரண்டு மூக்கும் அடைத்து, கன்னம் வீங்கி, "அறுத்தும் அடைச்சுக்கிட்டுத்தானே இருக்கு?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். நான் சமைத்த கஞ்சியைக் குறை சொல்லாமல் குடித்தாள். அவள் செய்ததிலேயே பெரிய தியாகம் அதுதான்.

எட்டாம் நாள் மருத்துவர் தகடுகளை உருவி எடுத்து, உள்ளே காய்ந்திருந்ததைச் சுத்தம் செய்து, "இனி வாயை மூடிக்கொண்டு மூச்சை இழுங்கோ," என்றார். என் மனைவி இழுத்தாள். இழுத்தவள் பயந்துபோய் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன, நோகுதா?"

"இல்ல டாக்டர். சில்லுனு இருக்கு. உள்ள ரொம்பத் தூரத்துக்குக் காத்து போவுது. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமா?"

"ஓம். எல்லாருக்கும் இப்பிடித்தான்."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாற்பத்திரண்டு வயதில் ஒருத்தி, எல்லோருக்கும் இருக்கும் மூச்சு எப்படி இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் இத்தனை வருடமும் சோற்றை எண்ணுகிறாயா என்று கேட்டேன்.

வீக்கம் முழுதும் வடிய இன்னும் சில மாதம் ஆகும் என்றார். ஆடி வரைக்கும் அவகாசம் இருந்தது. மருத்துவரே கடைசிப் பரிசோதனையில் தகட்டைப் பிடித்தார். இரண்டு வட்டங்கள், ஏறக்குறைய சமமாக. "போயிட்டு வாங்கோ. ஆனால் ஒண்டு. மூச்சு முட்டினால் உடனை துணியைக் கழட்டோணும். அதுக்கு அம்மன் கோவிக்க மாட்டா," என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். கழற்ற மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

இந்த முறை பத்து நாளும் நான் கேண்டீன் பக்கமே போகவில்லை. திருவிழா அன்று சின்னம்மா வேப்பிலையை வைத்து, அதே மஞ்சள் துணியை அதே இறுக்கத்தில் கட்டினார். நான் பக்கத்திலேயே நடந்தேன், எல்லோரும் குடத்தைப் பார்க்க, நான் அவள் மூக்கைப் பார்த்துக்கொண்டு. போன வருடம் விழுந்த இடம் வந்தது. எனக்குத்தான் மூச்சு முட்டியது. அவள் அந்த இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேளத்துக்கு நடுவே அவள் மூச்சு எனக்குக் கேட்டது, சீராக, இழுத்து, விட்டு. மூன்று கிலோமீட்டரும் நடந்து, படியேறி, ஒரு சொட்டும் சிந்தாமல் பாலை அம்மன் தலையில் ஊற்றினாள்.

சின்னம்மா முடிச்சை அவிழ்த்தார். வேப்பிலையை எடுத்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்த வருஷம் விரதம் சுத்தம். போன வருஷம் மாதிரி கேக் கீக்னு எதையும் வாயில போடல," என்றார்.

என் மனைவி தலையைக் குனிந்து அதையும் ஏற்றுக்கொள்ளப் போனாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"கேக் இல்ல சின்னம்மா," என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "அவ ஒண்ணும் சாப்பிடல. நான்தான் தின்னேன். கோழி. நாலு துண்டு. அவ எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டா. விழுந்தது அதனாலயும் இல்ல, அவ மூக்குச் சுவரு வளைஞ்சிருந்துச்சு, ஆப்பரேஷன் பண்ணி நேராக்கியிருக்கோம்."

சின்னம்மா மஞ்சள் துணியை மடித்து இடுப்பில் செருகினார்.

"மூக்கு கதை எனக்குத் தெரியாது, மாப்ள. ஆனா அவ கேக் சாப்பிடலனு அன்னைக்கே தெரியும். பொறந்ததுல இருந்து அவளுக்கு முட்டைனா ஆகாது, வாயில வச்சா வாந்தி வரும். யாரையோ மறைக்கிறானு தெரிஞ்சுச்சு. யாருனு நீங்களா வந்து சொல்லணும்னுதான் ஒரு வருஷமா காத்திருந்தேன்."

முட்டை ஆகாது. தினமும் காலையில் எனக்கு முட்டை பொரித்து வைத்துவிட்டு, தான் வெறும் ரொட்டியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிடுபவள். அதையும் பதினாறு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் மனைவி வெகுநேரம் கட்டியிருந்த உதடுகளைத் தேய்த்துக்கொண்டு, "பசிக்குதுங்க, வாங்க," என்று பந்திக்கு நடந்தாள். வாழை இலை போட்டுச் சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். அவள் நடுவில் நிறுத்தவில்லை, வாயைத் திறந்து மூச்சு வாங்கவில்லை. நான் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தபோது அவள் இலையை மடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் முடியலையா?" என்றாள்.